வீட்டு இருட்டறை: வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

போன இதழில் கறுப்பு வெள்ளை பிலிம் கழுவுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் சொல்கின்றன: ஆசை இருக்கிறது, சாமான் வாங்கப் பணம் இல்லை. காரைக்குடியில் எங்கள் வீட்டு ஸ்டுடியோவில் அண்ணன் கல்யாணம், காதுகுத்து என்று படம் எடுக்கப் போவார். பிலிம் கழுவுவதும் பிரிண்ட் போடுவதும் என் பொறுப்பு. அந்த இருட்டறையில் போட்டோ சாமான் கடையில் வாங்கியவை, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் என்லார்ஜரும் அதன் லென்சும் பிலிம் கழுவும் டேங்கும்தான். மற்றதெல்லாம் ஆசாரியும் தையல்காரரும் சைக்கிள் கடைக்காரரும் தந்தவை. அதனால் இந்த இதழை முழுக்க இந்தக் கேள்விகளுக்கே கொடுத்துவிட்டேன்.

கல்லூரி மாணவி, கும்பகோணம்: டியூஷன் எடுத்துக் கொஞ்சம் பணம் சேர்த்திருக்கிறேன். என்லார்ஜர் வாங்க அது போதாது. என்லார்ஜர் இல்லாமல் பிரிண்ட் போட முடியுமா? எதை வாங்க வேண்டும், எதை நானே செய்துகொள்ளலாம்?

தாராளமாக முடியும். நெகட்டிவைப் பேப்பர் மேல் வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெளிச்சம் காட்டினால் அதுதான் கான்டாக்ட் பிரிண்ட். நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவு பெரிது. 35 மி.மீ. பிலிமில் அது தீப்பெட்டிப் படம் அளவுக்குத்தான் வரும். ஆனால் 120 பிலிம் போடும் பழைய பெட்டிக் கேமரா வீட்டில் எங்காவது கிடந்தால், 6 செ.மீ. சதுரத்தில் அருமையான சின்னப் படம் கிடைக்கும். தாத்தா பாட்டி ஆல்பங்களில் வெள்ளை ஓரத்தோடு ஒட்டியிருக்கும் படங்களில் பல இப்படிப் போட்டவைதான்.

அதற்கு வேண்டியது 5 மி.மீ. கண்ணாடித் துண்டு ஒன்று. கண்ணாடிக் கடையில் வெட்டும்போதே ஓரத்தைத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இருட்டில் விரல் கிழியும். அடியில் கம்ப்யூட்டர் மவுசுக்குப் போடும் ரப்பர் மெத்தை, அதன் மேல் பேப்பர் வழவழப்புப் பக்கம் மேலாக, அதன் மேல் நெகட்டிவ் மங்கல் பக்கம் கீழாக, கடைசியில் கண்ணாடி. ஒரு மீட்டர் உயரத்தில் சின்ன பல்பு ஒன்று. எத்தனை விநாடி என்பதை ஒரு துண்டுப் பேப்பரில் சோதித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்: ஓர் அட்டையால் மூடி, இரண்டு விநாடிக்கு ஒருமுறை அட்டையை ஒரு விரற்கடை நகர்த்திக்கொண்டே போங்கள். கழுவிப் பார்த்தால் எந்தப் பட்டை நன்றாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். 8க்கு 10 அங்குலத் தாளை நாலாக வெட்டிப் பழகினால் பேப்பர் செலவும் குறையும்.

பணத்தைப் பேப்பர், மருந்து, டேங்க், நல்ல தெர்மாமீட்டர் ஒன்று, இந்த நாலில் மட்டும் போடுங்கள். மற்ற எதற்கும் போட்டோ கடைக்குப் போக வேண்டாம். தட்டுக்கு அடி தட்டையான பிளாஸ்டிக் டிரே எதுவும் சரி. எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் எனாமல் தட்டுகள் வரும். இருட்டறைக்கு அவை மிக நன்றாக உழைக்கும், ஆனால் எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிகிற தட்டை வாங்கக் கூடாது. அலுமினியம் வேண்டாம், டெவலப்பரில், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்தில், உள்ள சோடா அதை அரிக்கும். பித்தளையும் செம்பும் கூடவே கூடாது, மருந்தில் துளி செம்பு கரைந்தாலும் படம் புகை மூட்டமாகிவிடும். பேப்பரைப் பிடிக்கும் இடுக்கிக்கு, மூங்கில் இடுக்கி முனையில் சைக்கிள் வால்வு டியூபை ஒரு அங்குலம் வெட்டி மாட்டுங்கள். பேப்பர் வழுக்காது, கீறலும் விழாது. டெவலப்பருக்கு ஒன்று, வந்த படத்தை நிலைக்க வைக்கும் ஹைப்போவுக்கு ஒன்று. இரண்டுக்கும் வேறு வேறு நிறத்தில் நூல் சுற்றிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஹைப்போ சொட்டு டெவலப்பரில் விழக் கூடாது. மருந்து அளக்க மருந்துக்கடையில் ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சு, பொடி நிறுக்க நகைத் தராசு. இருட்டறைக்குள் போன எந்தப் பாத்திரமும் மறுபடி சமையலறைக்கு வரக் கூடாது. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வாடகை வீட்டுக்காரர், திருப்பூர்: எங்கள் வீட்டில் தனி அறை இல்லை. ஜன்னலில் ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார். எப்படி இருட்டாக்குவது?

இரவில் வேலை செய்யுங்கள், பாதி வேலை முடிந்தது. தெருவிளக்கு வரும் ஜன்னலுக்கு, விவசாயக் கடையில் விற்கும் கறுப்பு மல்ச்சிங் ஷீட்டை இரண்டாக மடித்து, ஜன்னல் அளவைவிட ஒரு சாண் பெரிதாக வெட்டி, ஓரத்தில் வெல்க்ரோ பட்டை ஒட்டிக்கொள்ளலாம். ஆணி தேவையில்லை. கதவின் அடியில் ஈரமில்லாத பழைய போர்வையைச் சுருட்டி வையுங்கள். பிறகு பத்து நிமிடம் உள்ளே சும்மா உட்காருங்கள். கண் இருட்டுக்குப் பழகிய பிறகுதான் எங்கே வெளிச்சம் கசிகிறது என்று தெரியும். முன் வைத்த வெள்ளைத் தாள் தெரிந்தால் இன்னும் ஓட்டை இருக்கிறது.

பேப்பருக்கு இந்த அளவு இருட்டு போதும், சிவப்பு விளக்கும் வைத்துக்கொள்ளலாம். பிலிமுக்கு எந்த நிற விளக்கும் ஆகாது. ஆனால் பிலிமை டேங்கில் சுற்றும் அந்தச் சில நிமிடங்களுக்கு மட்டும்தான் முழு இருட்டு வேண்டும், அதற்கு அறை தேவையில்லை. உங்கள் ஊரில் கிடைக்காத துணியா? கெட்டியான கறுப்புத் துணியில் இரண்டு அடுக்காக, ஸிப் வைத்த ஒரு பை, அதில் கை நுழைக்க எலாஸ்டிக் வைத்த இரண்டு கைப்பகுதி. தையல்காரரிடம் சட்டைக் கை மாதிரி என்று சொன்னால் புரிந்துகொள்வார். ஸிப்புக்கு உள்ளே இன்னொரு மடிப்பு தைக்கச் சொல்லுங்கள், ஸிப் பல் வழியாகவும் வெளிச்சம் வரும். கை வேர்த்தால் பிலிம் ரீலில் ஒட்டிக்கொண்டு ஏறாது. விடியற்காலையில், கையை நன்றாகத் துடைத்துக்கொண்டு சுற்றுங்கள்.

குளியலறையைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஈரக் கையும் 230 வோல்ட்டும் ஒரே இடத்தில் இருக்கக் கூடாது. விளக்குகளைப் பவர் பேங்கில் ஓடும் 5 வோல்ட் எல்.இ.டி.யாகவோ, 12 வோல்ட் அடாப்டரில் ஓடும் பட்டை விளக்காகவோ வைத்துக்கொண்டு, அடாப்டரைக் கதவுக்கு வெளியே மாட்டுங்கள்.

வாசகர், திண்டுக்கல்: சாமி படத்துக்குப் போடும் சிவப்பு ஜீரோ வாட் பல்பு இருட்டறைக்கு ஆகுமா?

சில பல்பு ஆகும், சில ஆகாது. கண்ணாடி மேல் சிவப்புச் சாயம் பூசிய பழைய குண்டு பல்பில், சாயம் தேய்ந்த இடம் வழியாக வெள்ளை வெளிச்சம் கசியும். சிவப்பு எல்.இ.டி. இதைவிட நம்பகமானது. ஆனால் வெள்ளை எல்.இ.டி.க்குச் சிவப்பு மூடி போட்டதையும் சிவப்பு என்றே விற்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பழைய சி.டி. ஒன்று போதும். அறையை இருட்டாக்கி, பல்பின் பிம்பத்தைச் சி.டி.யின் பளபளப்புப் பக்கத்தில் பாருங்கள். வெளிச்சம் நிறம் நிறமாகப் பிரிந்து தெரியும். சிவப்பு மட்டும் தெரிந்தால் நல்லது. பச்சையோ நீலமோ ஒரு கீற்றுத் தெரிந்தாலும் வேண்டாம், மல்டிகிரேடு பேப்பர் (வெளிச்சத்தின் நிறத்தைப் பொறுத்துக் கறுப்பு வெள்ளை வேறுபாடு மாறும் பேப்பர்) பார்க்கும் நிறங்களே அவை இரண்டும்தான்.

அதன் பிறகு காசுச் சோதனை. இதைப் பலரும் அரைகுறையாகச் செய்கிறார்கள். புதுப் பேப்பர் மேல் காசு வைத்து, சிவப்பு விளக்கில் ஐந்து நிமிடம் விட்டுக் கழுவினால் வட்டம் தெரியாமல் போகலாம். உடனே விளக்கு நல்லது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சிவப்பு விளக்கின் சன்னமான வெளிச்சம் தனியாக எதையும் காட்டாது, ஏற்கெனவே படத்தின் வெளிச்சம் பட்ட பேப்பரில்தான் அது சேர்ந்துகொண்டு கெடுக்கும். அதனால் முதலில் சிவப்பு விளக்கும் இல்லாமல், பேப்பருக்கு இளஞ்சாம்பல் நிறம் வருமளவு வெள்ளை வெளிச்சம் காட்டுங்கள். பிறகு காசை வைத்துச் சிவப்பு விளக்கின் கீழ் ஐந்து நிமிடம். அப்போதும் வட்டம் தெரியாவிட்டால் அந்த விளக்கை நம்பலாம். தெரிந்தால் விளக்கை இன்னும் தள்ளி வையுங்கள், அல்லது சுவரைப் பார்த்துத் திருப்புங்கள்.

பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்: பழைய எஸ்.எல்.ஆர். பிலிம் கேமரா ஒன்று இருக்கிறது. அதையே என்லார்ஜராக மாற்ற முடியும் என்று நண்பர் சொல்கிறார். உண்மையா?

உண்மை. அதிலும் கேமராவை உடைக்காமல், ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் செய்யலாம். இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கேமராவில் வெளிக்காட்சி லென்ஸ் வழியாக பிலிமில் விழுகிறது. அதே லென்ஸ் வழியாக பிலிமிலிருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பினால், லென்ஸ் எந்தத் தூரத்துக்கு போகஸ் செய்யப்பட்டிருக்கிறதோ அந்தத் தூரத்தில் படம் பெரிதாகத் தெளிவாக விழும். 50 மி.மீ. லென்ஸ் போட்ட எஸ்.எல்.ஆர்.கள் பல 45 செ.மீ. வரை கிட்டே போகஸ் ஆகும். பென்டாக்ஸ் கே1000-இன் சாதாரண லென்ஸ் அப்படித்தான். அந்தத் தூரத்தில் நெகட்டிவ் ஏறக்குறைய 7 மடங்கு பெரிதாகும். 24க்கு 36 மி.மீ. நெகட்டிவ் சுமார் 16க்கு 24 செ.மீ. படமாக விழும். 8க்கு 10 அங்குலப் பேப்பரில் ஓரம் விட்டு அழகாக உட்காரும் அளவு அது. 5க்கு 7 அங்குலம் வேண்டுமென்றால், கிட்டப் படம் எடுக்கப் போடும் எக்ஸ்டென்ஷன் வளையங்களில் 10 மி.மீ. அளவுள்ளதை இடையில் மாட்டி, லென்சை இன்ஃபினிட்டியில் (வெகுதூரக் குறியில்) வையுங்கள். பிலிமிலிருந்து பேப்பருக்கு 36 செ.மீ. உயரம் வைத்தால் 5 மடங்கு, அதாவது 12க்கு 18 செ.மீ. கிடைக்கும்.

பாட்டரி இல்லாமல் ஷட்டர் வேலை செய்கிற கேமராவாக இருக்க வேண்டும். ஷட்டரை 'பி'யில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை திறந்து நிற்கும் நிலையில்) வைத்து, பூட்டுத் திருகு உள்ள கேபிள் ரிலீசால், அதாவது பொத்தானை அழுத்தும் கம்பியால், திறந்தபடியே நிறுத்துங்கள். 'பி'யில் திறந்து நிற்கும்போது லென்சின் துவாரமான அப்பெர்ச்சரும் நீங்கள் வைத்த எண்ணுக்கு மூடிக்கொள்ளும். பின்மூடியைத் திறந்துவிட்டு, லென்ஸ் தரையைப் பார்க்கும்படி கேமராவைக் கவிழ்த்து நிறுத்த வேண்டும். அடியில் உள்ள ஸ்டாண்டு ஓட்டைக்கு ஹார்டுவேர் கடையின் கால் அங்குல போல்ட் சேரும். நெட்டுக் கம்பத்தில் ஒரு மரச்சட்டம் அடித்து, அதில் இந்தப் போல்ட் வழியாகக் கேமராவை இறுக்கும்படி ஆசாரியிடம் சொல்லுங்கள். கம்பம் ஆடக் கூடாது, பஸ் போனால் அதிரும் மேசையிலும் வைக்கக் கூடாது.

நெகட்டிவை பிலிம் ஓடும் தடத்தில், மங்கல் பக்கம் லென்சைப் பார்க்க வையுங்கள். அதன் மேல் 34 மி.மீ. அகலத்தில் வெட்டிய 2 மி.மீ. கண்ணாடி, பிலிம் நெளியாமல் அழுத்தும். கண்ணாடிக்கு மேலே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விட்டுப் பால் வெள்ளை அக்ரிலிக் துண்டு. பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் வெட்டி மீந்த துண்டாகக் கிடைக்கும். அக்ரிலிக்கை நெகட்டிவோடு ஒட்டி வைத்தால் அதில் உள்ள தூசும் கீறலும் படத்தில் வந்துவிடும். அதற்கும் மேலே விளக்கு, சுற்றிலும் வெளிச்சம் சிதறாமல் கறுப்பு அட்டைக் கூண்டு. குண்டு பல்பு வேண்டாம், சூட்டில் நெகட்டிவ் வளைந்து போகஸ் போய்விடும்.

விளக்குக்கு என் யோசனை: ரிமோட்டில் நிறம் மாற்றும் எல்.இ.டி. பல்பு. மல்டிகிரேடு பேப்பர் நீலத்துக்குக் கடினமான கான்ட்ராஸ்டும் (கறுப்பு வெள்ளை வேறுபாடு) பச்சைக்கு மென்மையான கான்ட்ராஸ்டும் தரும். விலை கூடிய ஃபில்டர் செட் செய்கிற வேலையை ரிமோட்டின் இரண்டு பொத்தான்கள் செய்துவிடுகின்றன. பச்சையில் சில விநாடி காட்டி முகத்தின் வெளிறிய இடங்களில் விவரம் கொண்டுவாருங்கள், பிறகு நீலத்தில் சில விநாடி காட்டிக் கூந்தலுக்கும் நிழலுக்கும் கருமை கொடுங்கள். சி.டி. சோதனையில் அதன் சிவப்பும் தேறிவிட்டால், சிவப்பில் படத்தை விழவைத்து, பேப்பரை நிதானமாக நேராக்கி வைக்கலாம்.

போகஸ் பார்க்கும்போது அப்பெர்ச்சரை முழுக்கத் திறந்து, வெள்ளைத் தாளில் பாருங்கள். பிரிண்ட் போடும்போது 8-க்கு மூடுங்கள். வெளிச்சத்தைச் சுவிட்ச் போட்டு நிறுத்தாதீர்கள். எல்.இ.டி. பல்புகளில் சில, அணைத்த பிறகும் ஓரிரு விநாடி மங்கலாக எரியும். லென்சுக்குக் கீழே கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு, விளக்கைப் போட்டு, அட்டையை எடுத்து, எண்ணி முடித்ததும் மறுபடி மூடுவதுதான் சரி. நேரம் எண்ணச் செல்போன் வேண்டாம், அதன் திரை வெளிச்சமே பேப்பரைக் கெடுக்கும். டிக் டிக் என்று சத்தம் போடும் சுவர்க் கடிகாரம் போதும்.

முதல் வேலையாக நெகட்டிவ் இல்லாமல் வெறும் வெளிச்சத்தை இளஞ்சாம்பல் வருமளவு காட்டி ஒரு தாள் கழுவுங்கள். நான்கு மூலையும் நடுவும் ஒரே நிறமாக இருக்கிறதா பாருங்கள். நடு கறுத்து மூலை வெளுத்திருந்தால் விளக்கை இன்னும் உயர்த்த வேண்டும். இந்தச் சோதனையை விட்டுவிட்டு லென்சைக் குறை சொல்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கேமராவில் வேலையைத் தொடங்கும் முன் உங்கள் ஊர்ப் பழைய ஸ்டுடியோக்களில் கேட்டுப் பாருங்கள். டிஜிட்டல் வந்த பிறகு என்லார்ஜர்கள் பரணுக்கும் காயலான் கடைக்கும் போயின. லென்சுக்குள் டார்ச் அடித்துப் பூஞ்சை இல்லை என்று தெரிந்தால், எந்த விலை சொன்னாலும் புதிதைவிட அது மலிவுதான்.

வாசகர், வேலூர்: எல்லாப் புத்தகமும் 20 டிகிரி என்கிறது. எங்கள் ஊரில் மே மாதம் குழாய்த் தண்ணீரே கொதிக்கிறது. ஏ.சி. இல்லாமல் பிலிம் கழுவவே முடியாதா?

20 டிகிரியை விடுங்கள், 24-ஐப் பிடியுங்கள். நம் ஊரில் அதுதான் கைக்கு எட்டும் எண். 20-இல் 10 நிமிடம் கழுவ வேண்டிய பிலிமுக்கு 24-இல் சுமார் 7 நிமிடம் போதும். ஆனால் நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் பிலிமில் திட்டுத் திட்டாக வரும். அப்படி வந்தால் டெவலப்பரைத் தண்ணீரில் சரிபாதியாகக் கலந்து, அதற்குரிய நீண்ட நேரத்தைப் பயன்படுத்துங்கள்.

தண்ணீரைக் குளிர்விக்க மண்பானை இருக்கிறது. முதல் நாள் இரவே பானையில் ஊற்றி, ஈரத் துணி சுற்றிக் காற்றோட்டமான இடத்தில் வைத்தால் காலையில் பல டிகிரி இறங்கியிருக்கும். மிச்சத்தை ஐஸ் பார்த்துக்கொள்ளும். ஐஸைப் பாலித்தீன் பையில் கட்டி, மருந்து பாட்டில்கள் நிற்கும் வாளித் தண்ணீரில் போடுங்கள், மருந்துக்குள் போடாதீர்கள், உருகினால் மருந்து நீர்த்துப்போகும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு உதவாது, 35 டிகிரிப் பக்கம்தான் அது தொடங்கும். சமையலுக்கு விற்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை வாங்கி, ஐஸ் தண்ணீரில் 0 காட்டுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டு, அலசும் தண்ணீரைத் தொட்டியிலிருந்து அப்படியே ஊற்றுவதுதான் பெரிய ஆபத்து. பிலிம் மேல் இருப்பது ஜெலட்டின். 24-இலிருந்து திடீரென்று 34-க்குப் போனால் அது வறண்ட கண்மாய் மாதிரி வெடிப்பு விட்டுவிடலாம், பிறகு சரிசெய்ய வழியே இல்லை. டெவலப்பர், ஹைப்போ, கடைசி அலசல் தண்ணீர் எல்லாம் ஒரே வாளியில் நின்று ஒரே சூட்டுக்கு வரட்டும். இன்னொரு விஷயம்: ஹைப்போ உப்பு தண்ணீரில் கரையும்போது தண்ணீரைச் சில்லென்று ஆக்கிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, சூடு சமமாகும் வரை காத்திருங்கள்.

பொறியியல் மாணவர், சென்னை: காபித்தூளில் பிலிம் கழுவலாம் என்று கேள்விப்பட்டேன். வீட்டு பில்டர் காபி டிகாக்‌ஷனே போதுமா?

கழுவலாம். 1995-இல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஸ்காட் வில்லியம்சும் அவருடைய மாணவர்களும் செய்து காட்டிய முறை இது. வேலை செய்வது காஃபீன் இல்லை, காபியில் உள்ள காஃபியிக் அமிலம். ஒரு லிட்டருக்கு நீரற்ற சலவை சோடா 54 கிராம், வைட்டமின் சி பொடி 16 கிராம், இன்ஸ்டன்ட் காபி 40 கிராம். இந்த வரிசையிலேயே கரைக்க வேண்டும். 20 டிகிரியில் 15 நிமிடம். 100 வேகப் (ஐ.எஸ்.ஓ.) பிலிமில் தொடங்குங்கள், 400-இல் புகை மூட்டம் வரும்.

டிகாக்‌ஷன் வேண்டாம். ஒரு நாள் கெட்டி, ஒரு நாள் தண்ணி, அளவு நிற்காது. இன்ஸ்டன்ட் காபியிலும் நம் கடைகளில் சிக்கரி கலந்ததுதான் அதிகம். லேபிளைப் படித்து நூறு சதவீதம் காபி என்று இருப்பதை வாங்குங்கள், மட்டமான ரகமே போதும். சலவை சோடா கல் கல்லாகப் படிகமாக இருந்தால் அதில் பாதிக்கு மேல் தண்ணீர்தான், 54 கிராமுக்குப் பதில் 146 கிராம் போட வேண்டும். சமையல் சோடா வேறு பொருள், அப்படியே போட்டால் வேலை செய்யாது. அதை இரும்புச் சட்டியில் நன்றாக வறுத்தால் நீரும் வாயுவும் வெளியேறிச் சலவை சோடாவாகிவிடும். கலந்த காபி மருந்தின் வாசனை சகிக்காது, ஜன்னலைத் திறந்து வையுங்கள். கரைத்த உடனே பயன்படுத்துங்கள், மறுநாளுக்கு நிற்காது.

வழக்கமான மருந்தும் வீட்டில் கலக்கக் கூடியதுதான். பிலிமுக்குப் பெயர்பெற்ற டி-76: 50 டிகிரி சூடுள்ள 750 மி.லி. தண்ணீரில் மெட்டால் 2 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம், பிறகு ஒரு லிட்டர் ஆக்குங்கள். மெட்டால் முதலில் கரைய வேண்டும், சல்பைட் முழுதும் போட்ட பிறகு அது கரையாமல் அடம்பிடிக்கும். பாரிமுனைப் பக்கம் ரசாயனக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். மெட்டால் சிலருக்குக் கையில் படை வரவைக்கும், ஒருமுறை வந்தவர்களுக்குத் தொடும்போதெல்லாம் மறுபடி வரலாம். கையுறையும் மூக்குக்கவசமும் இல்லாமல் பொடியைத் தொடாதீர்கள். பழுப்பு நிற மருந்து பாட்டிலில் ஊற்றி, காற்று இல்லாமல் கழுத்து வரை நிரம்பக் கோலிக்குண்டுகளைப் போட்டு மூடினால் பல வாரம் கெடாது. ஜூஸ் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள், வீட்டில் யாராவது குடித்துவிடுவார்கள்.

வாசகி, ஊட்டி: அப்பா வைத்திருந்த 'இந்து' பிரிண்ட் பேப்பர் பெட்டி ஒன்று பரணில் கிடைத்தது. பயன்படுமா?

உங்கள் ஊர்ப் பேப்பர்! 1960-இல் தொடங்கி 1967-இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தந்தது. எத்தனை கல்யாண ஆல்பங்கள் அதில். பெட்டியைச் சிவப்பு விளக்கில் திறந்து, ஒரு துண்டை நேராக ஹைப்போவில் போடுங்கள், இன்னொரு துண்டை டெவலப்பரில் இரண்டு நிமிடம் வைத்துப் பிறகு ஹைப்போவில் போடுங்கள். இரண்டும் ஒரே வெள்ளையாக இருந்தால் பேப்பர் உயிரோடு இருக்கிறது. இரண்டாவது சாம்பலாக இருந்தால் வழக்கமான படத்துக்கு ஆகாது. ஆனாலும் எறியாதீர்கள். இலை, பூ, லேஸ் துணி ஏதாவது மேலே வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெயிலில் அரை மணி நேரம் விடுங்கள். டெவலப்பரே இல்லாமல் இளஞ்சிவப்பு, ஊதா, பழுப்பு என்று நிறங்கள் எழும். பிறகு ஹைப்போவில் நிறுத்திக் கழுவுங்கள், நிறம் கொஞ்சம் குறைந்தாலும் படம் நிற்கும்.

விவசாயி, ராமநாதபுரம் மாவட்டம்: எங்களுக்குத் தண்ணீரும் குறைவு, இருப்பதும் உப்பு. கழுவிய பிலிமில் வெள்ளைத் திட்டு வருகிறது. மீந்த மருந்தைத் தென்னைக்கு ஊற்றலாமா?

பிலிம் கழுவ ஓடும் குழாய் தேவையில்லை. டேங்கில் தண்ணீர் நிரப்பி 5 முறை கவிழ்த்து நிமிர்த்திக் கொட்டுங்கள், மறுபடி நிரப்பி 10 முறை, மூன்றாவதாக 20 முறை. இல்ஃபோர்டு நிறுவனம் சொல்லும் முறை இது, ஜெலட்டினைக் கெட்டியாக்கும் ஹார்டனர் சேர்க்காத ஹைப்போவாக இருந்தால் போதும். மூன்று டேங்க் தண்ணீரில் வேலை முடிந்துவிடும். பேப்பரில் பிளாஸ்டிக் பூச்சுள்ள ஆர்.சி. ரகம் வாங்குங்கள், சில நிமிட அலசலே போதும். வெறும் காகித ரகத்துக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும், உங்கள் ஊருக்கு அது சரிப்படாது.

வெள்ளைத் திட்டு தண்ணீரின் உப்புதான். கடைசி அலசலை மட்டும் பாட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் செய்யுங்கள். பாட்டரி ஆசிட்டும் பக்கத்திலேயே விற்பார்கள், லேபிள் பார்த்து வாங்குங்கள். அந்தத் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் பிலிமில் நீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்துவிடும். துணிக் கிளிப்பில் தொங்கவிட்டு, கீழே இன்னொரு கிளிப்பைக் கனத்துக்கு மாட்டி, மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

தென்னைக்கு ஊற்றவே கூடாது, கிணற்றுப் பக்கமும் கொண்டுபோகாதீர்கள். தீர்ந்துபோன டெவலப்பர் செடிக்கும் மண்ணுக்கும் நல்லதில்லை. தீர்ந்த ஹைப்போவில் பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி இருக்கிறது, அது தண்ணீரில் உள்ள உயிர்களுக்கு விஷம். அதை மூடியுள்ள பிளாஸ்டிக் கேனில் சேர்த்து, சாதாரண இரும்பு நாரைப் போட்டு ஒரு வாரம் விடுங்கள். இரும்பு கரைந்து, வெள்ளி கறுப்புச் சேறாக அடியில் தங்கும். பாத்திரம் தேய்க்கும் துருப்பிடிக்காத நார் இந்த வேலையைச் செய்யாது, மரம் இழைப்பவர்கள் பயன்படுத்தும் துருப்பிடிக்கும் ரகம்தான் வேண்டும். பழைய எக்ஸ்ரே பிலிம் வாங்கி வெள்ளி எடுப்பவர்கள் மதுரைப் பக்கம் இருந்தால் அந்தச் சேற்றையும் கேட்பார்களா என்று விசாரியுங்கள். இல்லாவிட்டால் கேனின் மேல் என்ன, எந்தத் தேதி என்று எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில் சேர்த்து வையுங்கள். வீட்டு இருட்டறையில் ஒரு வருடத்துக்கு ஒரு கேன் நிறைவதே அதிகம்.